படகு என்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்கலைன்னா டாக்டருக்கு என்ன வந்தது?

கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய படகு என்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடுவது பற்றி இன்றைக்கு எழுதப் போகிறேன். "ஏன் டாக்டர், சுகர், பிரஷர் எல்லாம் எழுதி முடிச்சாச்சா?" என்று கமெண்ட்டில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம். இழை கொஞ்சம் நீளம்தான். பொறுமையா வாங்க.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். மீன்பிடிப் படகு என்ஜினுக்கு உதிரி பாகம் கிடைப்பதும் கிடைக்காததும் வெறும் வியாபார விஷயம் இல்லை, பொதுச் சுகாதார விஷயம். என்ஜினை விற்ற கம்பெனி, அந்த மாடலை நிறுத்திய பிறகும் இத்தனை வருஷத்துக்கு ஸ்பேர் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வரணும். அது உடனே நடக்காது என்றால், அரசு மானியத்தில் விற்கிற என்ஜினுக்காவது அந்த நிபந்தனையைப் போடணும்.

ரோட்டில் பைக் நின்று போனால் ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்கு போன் பண்ணலாம். கடலில் ஓரம் கிடையாது. என்ஜின் நின்ற நிமிஷத்திலிருந்து படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொந்தம். பாக் நீரிணை மாதிரி இடத்தில், எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கும்போது, என்ஜின் பழுதான படகு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டால் அது மெக்கானிக் பிரச்சினையாக நிற்காது. கைது, வழக்கு, படகு பறிமுதல் என்று ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே விழுங்கிவிடும்.

உடம்புக்கு என்ன ஆகும்? கொண்டுபோன தண்ணீர் பொதுவாக ஒரு நாள் கணக்குக்குத்தான் இருக்கும். அது தீர்ந்த பிறகு சுற்றிலும் தண்ணீர், குடிக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் ஒரு லிட்டரில் ஒரு வாரக் கணக்கு. அந்த உப்பை வெளியே தள்ள சிறுநீரகத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேலே தண்ணீர் வேண்டும். குடித்ததைவிட அதிகம் போய்விடும். அதனால்தான் கடல்நீர் குடித்தவர் தாகம் தீராமல், ரத்தத்தில் சோடியம் ஏறி, முதலில் குழப்பமாகப் பேசி, பிறகு வலிப்பு வந்து மயங்குகிறார். இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பல நேரம் ஒரு சின்ன ரப்பர் துண்டு.

அதன் பெயர் இம்பெல்லர். படகின் பின்பக்கம் தொங்குகிற அவுட்போர்டு மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கால் பகுதிக்குள்ளே, பூ இதழ் மாதிரி இறக்கைகள் வைத்த ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளி என்ஜினைக் குளிர வைப்பது அதன் வேலை. ஓடுகிற மோட்டாரின் பக்கவாட்டில் ஊசி மாதிரி ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்குமே, அது "பம்ப் வேலை செய்யுது" என்பதற்கான அடையாளம். அனுபவஸ்தர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கண்ணை அந்தத் தாரை மேலேயே வைத்திருப்பார்கள். நாங்கள் ஐசியூ நோயாளிக்கு மணிக்கு எத்தனை மில்லி யூரின் வருகிறது என்று பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே காரணத்துக்குத்தான்.

ரப்பர் காய்ந்து இறக்கை முறிந்தால் தாரை மெலியும், நிற்கும். அதற்கப்புறமும் ஓட்டினால் சில நிமிஷங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என்ஜின் விலையோடு ஒப்பிட்டால் அந்த ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மாடலுக்கு அது கிடைக்கணுமே!

என்னிடம் தோள்பட்டை வலியோடு வந்த ஒரு அண்ணன் சொன்னது: "காலையில மிஷின் ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள நாப்பது தடவை கயிறு இழுக்கணும் சார்." பழைய மோட்டார். தீப்பொறியைக் கொடுக்கும் சி.டி.ஐ. யூனிட் பலவீனமாகிவிட்டது. புதுசு வருவதில்லை. இரண்டு கடை ஏறி இறங்கியும் "அந்த மாடல் ஸ்டாக் நின்னு போச்சு" என்றுதான் பதில். நான் அவருக்கு வலி மாத்திரையும் தோளுக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் அந்தச் சீட்டில் எழுத வேண்டியது சி.டி.ஐ. யூனிட். அது எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்?

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை நான் காதலிக்கவில்லை. பழைய கார்புரேட்டர் வகை டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகை விதிகள் அவற்றைச் சந்தையை விட்டு ஓரங்கட்டியதில் தப்பே இல்லை. ஆனால் புது மோட்டார் லட்சங்களில் வருகிறது. கடன் இல்லாமல் வாங்குகிறவர் குறைவு. அதோடு, புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின்களில் எலெக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தும் அமைப்பு உள்ளவற்றைப் பழுது பார்க்க லேப்டாப்பும் கம்பெனி சாஃப்ட்வேரும் வேண்டும். இன்று வாங்குகிற புதுசு இன்னும் 15 வருஷத்தில் இதே மாதிரி அனாதையாகும். அப்போது ஸ்பேர் மட்டுமில்லை, அதன் மூளையைத் திறக்கும் சாவியும் கிடைக்காது.

கம்பெனியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஜான்சன், எவின்ரூட். ஒரு காலத்தில் அவுட்போர்டு என்றாலே இந்த இரண்டு பெயர்தான். இரண்டையும் செய்துவந்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த வருஷம் என்ஜின் பிரிவை பம்பார்டியர் வாங்கியது. 2020-ல் எவின்ரூட் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அந்த மோட்டார்களில் ஏகப்பட்டவை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காரணம் எளிது. விற்ற எண்ணிக்கை அதிகம், வேறு கம்பெனிகள் பொருத்தமான பாகங்களைச் செய்தன, எந்த மாடலுக்கு எந்தப் பாகம் என்ற படங்களும் எண்களும் பொதுவெளியில் கிடைத்தன. பிரிட்டிஷ் சீகல் என்ற ஆங்கிலேய மோட்டாருக்கும் இதே கதைதான். 1990-களில் உற்பத்தி நின்றது, இன்றும் பாகங்கள் விற்கிறார்கள். ரொம்ப எளிமையான மோட்டார், அதனாலேயே ஆயுசு கெட்டி.

என்ஜின் செத்துப்போவது கம்பெனி மூடும்போது இல்லை. தகவல் மூடப்படும்போது.

சரி, சட்டம் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதே. தேடுவது எப்படி? மருந்துக் கடை பாஷையில் சொல்றேன், சட்டுன்னு புரியும்.

பிராண்ட் பெயரைக் கேட்காதீங்க, மூலக்கூறு பெயரைக் கேளுங்க என்று நாங்கள் சொல்வோம் இல்லையா? படகில் மூலக்கூறு பெயர் என்பது பாகத்தின் எண். "நைன் பாயின்ட் நைன் யமஹாவுக்கு ஒரு வாட்டர் பம்ப் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஒரே குதிரைத்திறன், ஒரே பெயர், ஆனால் வருஷம் மாறினால் இம்பெல்லரின் அளவு மாறியிருக்கும். மோட்டாரைப் படகில் மாட்டுகிற பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். மாடல் எண், சீரியல் எண் இரண்டும் அதில்தான். அதை வைத்து, அந்த மாடலின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தைத் தேடி, அதிலிருந்து பாக எண்ணை எடுக்க வேண்டும். கம்பெனிகள் பழைய எண்ணை ரத்து செய்துவிட்டு அதே பாகத்துக்குப் புது எண் கொடுப்பதும் உண்டு. "இந்த நம்பர் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், "இதுக்குப் பதிலா வந்த நம்பர் என்ன?" என்று கேளுங்க. பல தேடல்கள் இந்த ஒரு கேள்வியில் முடிந்திருக்கின்றன.

சில தகடுகளில் ஆண்டு நேரடியாக இருக்காது. கனடாவில் ஏரிக்கரை வீட்டில் பழைய ஜான்சன் வைத்திருக்கும் என் நண்பர் இதில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். 1980-க்குப் பிந்தைய ஜான்சன், எவின்ரூட் மாடல் எண்களில் ஆண்டு ஒரு ரகசிய எழுத்தாக ஒளிந்திருக்கும். "இன்ட்ரொட்யூசஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பத்து எழுத்து. முதல் எழுத்து 1, இரண்டாவது 2, அப்படியே ஒன்பதாவது 9, பத்தாவது 0. மாடல் எண்ணின் கடைசிப் பகுதியில் சி, இ என்று இரண்டு எழுத்து வந்தால் 8, 9. அதாவது 1989. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணினார். டியூட்டியில் இருப்பவனுக்கு வந்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

அடுத்தது, மோட்டாரின் மேல் மூடியில் எழுதியிருக்கும் பெயர்தான் தயாரிப்பாளர் என்று நம்பாதீர்கள். நிஸான் பெயரில் விற்ற அவுட்போர்டுகளைச் செய்தது டொஹாட்சு. 2000-களில் வந்த ஜான்சன் ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் பல உள்ளே சுசுகி. பழைய மரைனர் மோட்டார்களில் ஒரு பகுதி யமஹா செய்தவை. "நிஸான் ஸ்பேர் வரது இல்லை" என்று ஒருவர் கையை விரிக்கும் அதே தெருவில், அடுத்த கடையில் டொஹாட்சு டப்பாவில் அதே பாகம் இருக்கலாம். ஜெனரிக் மருந்தைத் தேடி வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதுசில்லை.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் படகுக் கடையே வேண்டாம். பேரிங்கின் பக்கத்தில் 6203, 6205 என்று எண் பொறித்திருக்கும். இது உலகம் முழுக்க ஒரே அளவு. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த நாட்டில் செய்தாலும். ஆயில் சீலிலும் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் இருக்கும். மோட்டார் பம்ப் செட் ரிப்பேர் பண்ணும் ஊர்களில் எல்லாம் பேரிங் கடை உண்டு. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

கழித்துப் போட்ட இன்னொரு என்ஜினை வாங்கி அதிலிருந்து கழற்றுவது நம் கடற்கரையில் ரொம்ப நாளாக நடக்கிற விஷயம். நல்ல வழிதான், உறுப்பு தானம் மாதிரி. ஆனால் எல்லா உறுப்பும் தானத்துக்கு ஆகாது. பல்சக்கரம், மூடி, கார்புரேட்டர் உடல், ஃபிளைவீல் எடுக்கலாம். ரப்பர், கேஸ்கெட், சீல் எடுக்கக் கூடாது. டப்பா பிரிக்காத பழைய ஸ்டாக் இம்பெல்லராக இருந்தாலும் சந்தேகம்தான், ரப்பர் டப்பாவுக்குள்ளேயும் கிழடு தட்டும். மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி பார்க்கிற மாதிரி, இறக்கையை விரலால் மடக்கிப் பாருங்க. வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதும் உண்டு. நம்ம ஊர் லேத்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த உலோகத்தில் செய்கிறார் என்று கேளுங்க. அலுமினியக் காலில் பித்தளைப் பாகத்தை நேரடியாக வைத்துக் கடலில் இறக்கினால், உப்புத் தண்ணீர் இரண்டையும் சேர்த்து பேட்டரி ஆக்கிவிடும். அரிக்கப்படுவது அலுமினியம். மோட்டாரின் காலில் துத்தநாகக் கட்டி ஒன்று வைத்திருப்பதே, அது முதலில் கரைந்து மற்றதைக் காப்பாற்றட்டும் என்பதற்காகத்தான். அது கரைந்து தீர்ந்த பிறகு மாற்றுவதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இனி, டாக்டராக நான் கோபப்படும் பகுதி. பாகம் கிடைக்காதபோது செய்கிற "அட்ஜஸ்ட்மென்ட்"கள்.

பழைய சின்ன மோட்டார்களில் புரொப்பல்லரைத் தண்டோடு பிடித்திருப்பது ஷியர் பின் என்ற மெல்லிய ஊசி. பாறையிலோ கட்டையிலோ இடித்தால் அது முறியும். முறிவதுதான் அதன் வேலை, வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது கிடைக்கவில்லை என்று கெட்டியான ஆணியைச் செருகினால், அடுத்த இடியில் ஆணி தப்பிக்கும், கியர் பாக்ஸ் போய்விடும். நடுக்கடலில்.

அதைவிட மோசம் கில் சுவிட்ச். ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனை மோட்டாரில் இருக்கும். ஆள் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிடும். உப்புக்காற்றில் அந்த சுவிட்ச் சீக்கிரம் கெடும். மாற்று சுவிட்ச் இல்லை என்றால் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். விழுந்த மனிதரைச் சுற்றி ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து புரொப்பல்லரால் வெட்டும். அந்தக் காயங்களை விவரிக்க மாட்டேன். இணை இணையாக, வரிசையாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். மோட்டாரிலேயே மலிவான பாகங்களில் ஒன்று அது.

மூன்றாவது, கார் பாகம். பெட்ரோல் என்ஜின் உள்ளேயே பொருத்திய உல்லாசப் படகுகளில் இது அதிகம். அவற்றின் என்ஜின் பல நேரம் கார் என்ஜினின் உறவுக்காரர்தான்; அதனால் கார் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் அச்சு அசலாகப் பொருந்தும். விலையும் பாதி. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே ரோட்டுக்குப் போய்க் கலைந்துவிடும். படகில் அடித்தட்டில் குளம் மாதிரி தேங்கி நிற்கும். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரில் உள்ளே வரும் தீப்பொறி வெளியே தாவாதபடி அடைத்திருப்பார்கள், கார் ஸ்டார்ட்டரில் அது இல்லை. சாவியைத் திருப்பும் ஒரு நொடி போதும். படகில் வெடித்த பெட்ரோல் தீக்காயத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நம் அவுட்போர்டு படகுகளிலும் பெட்ரோல் கேனும் எரிபொருள் டியூபும் இருக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் டியூபை எரிபொருளுக்குப் போடாதீங்க. எரிபொருளில் அது ஊறி, இறுகி, வெடிக்கும்.

இவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? விடிஞ்சா கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஸ்பேர் இல்லாததால்தான் ஆணி வருகிறது.

என் துறையிலிருந்து ஒரு உதாரணம் சொல்றேன். பேஸ்மேக்கர் வைத்தவருக்குச் சில ஆண்டுகள் கழித்து பேட்டரி தீரும். அப்போது தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை மாற்றுவோம். இதயத்துக்குள் போகும் ஒயர் நன்றாக இருந்தால் அதைத் தொடமாட்டோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் ஒயர் முனையும் ஒவ்வொரு அளவு. பழைய ஒயருக்குப் புதுப் பெட்டி பொருந்தாமல் அடாப்டர் தேடி மருத்துவர்கள் அல்லாடினார்கள். பிறகு போட்டிக் கம்பெனிகளே உட்கார்ந்து பேசி, ஐ.எஸ்.-1 என்ற பொது அளவை ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு அந்த அளவில் வந்த ஒயரில், எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்.-1 பெட்டியும் பொருந்தும். யாரும் நஷ்டப்பட்டுக் கடையை மூடவில்லை. மனித இதயத்துக்குள் முடிந்தது, ஒரு வாட்டர் பம்பில் முடியாதா?

நம் நாட்டில் பழுது பார்க்கும் உரிமை பற்றி 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அதே டிசம்பரில் இணையதளமும் வந்தது. எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். டிராக்டர் இருக்கிறது, ரொம்ப சந்தோஷம். உழவனுக்கு டிராக்டர் எப்படியோ, மீனவனுக்கு மோட்டார் அப்படி. அந்தப் பட்டியலில் படகு என்ஜின் தனியாக ஏன் இல்லை? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021-லிருந்து துணி துவைக்கும் மெஷினுக்கே முக்கியப் பாகங்களை 10 வருஷம் கொடுக்க வேண்டும் என்று விதி. துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனால் யாரும் திசை தெரியாமல் மிதக்கப் போவதில்லை.

நாட்டுப்படகுகளுக்கு மோட்டார் பொருத்த மானியம் தரும் திட்டங்கள் நம்மிடம் பல வருஷமாக இருக்கின்றன. அதில்தான் பிடி இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் விற்க விரும்பும் கம்பெனி இரண்டு கையெழுத்துப் போடட்டும். மாடலை நிறுத்திய பிறகும் 15 வருஷம் ஸ்பேர் தருவேன் என்று ஒன்று. தர முடியாமல் போனால் அந்தப் பாகங்களின் வரைபடத்தையும் அளவுகளையும் வெளியிடுவேன் என்று இன்னொன்று. ஸ்டாக் வைக்கச் செலவாகும், போலி பாகங்கள் வரும் என்று கம்பெனிகள் சொல்லும். செலவாகும், உண்மைதான்; அதை ஆரம்ப விலையில் சேர்க்கட்டும். போலி பாகம் இப்போதும் வருகிறது. அசல் கிடைக்காத இடத்தில்தான் அதற்கு வியாபாரமே.

மீனவர் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள், மீன்வளத் துறை அதிகாரிகள் இந்த இழையைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு வரியாகவாவது வையுங்க. தனித்தனியாகக் கடை ஏறி இறங்குவதற்குப் பதில், ஒரே மாடல் வைத்திருக்கும் இருபது பேர் சேர்ந்து இம்பெல்லர் செட்டை மொத்தமாக வரவழைத்தால் விலையும் குறையும், வராத பாகமும் வரும். மருந்து கொள்முதலில் தமிழ்நாடு இதை மாநில அளவில் செய்து காட்டியிருக்கிறது.

படகு வைத்திருப்பவர்களுக்கு: இந்திய கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மோட்டார் பிராக்கெட்டில் இருக்கும் அந்தத் தகட்டை இன்றைக்கே ஒரு துணியால் துடைத்து போட்டோ எடுத்து, வீட்டில் இருப்பவர் போனுக்கும் அனுப்பி வையுங்க. உப்பு முதலில் தின்பது அந்த எண்களைத்தான்.